மாசம் ஒரு இஞ்சு

எனக்கு எண்பத்து நாலு வயதாகிறது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். அதில் ஐந்து நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினது. எந்தப் பிள்ளைக்கும் சோற்றில் வித்தியாசம் காட்டினது இல்லை. படிப்பு மூன்றாம் வகுப்புதான். ஆனால் முப்பது வருசம் பூக்கடையில் உட்கார்ந்து, ஒருத்தனிடமும் ஏமாறாமல் எழுந்து வந்தவள். இதையெல்லாம் முதலிலேயே ஏன் சொல்லுகிறேன் என்றால், நான் எழுதப் போவது ஒரு பிள்ளைகூடப் பெறாத ஒருத்தியைப் பற்றி. அவளை நினைத்து நான் வயிறு எரிந்தேன். இப்போதும் எரியத்தான் செய்கிறது. அதனால் என் பெருமையை முன்னால் எடுத்து வைத்துவிட்டுத்தான் அவளைப் பற்றிப் பேச வாய் வருகிறது.

அவளை நினைத்தால் எனக்கு முகம் முதலில் வராது. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்ட இரண்டு கைகள்தான் வரும். எதிரில் ஒரு ஆள் விழுந்து கிடப்பான். அவள் ஒட்டடைக்கம்பு மாதிரி நிமிர்ந்து, வலது மணிக்கட்டை இடது கையால் பின்னால் பிடித்துக்கொண்டு, அவன் எழுந்திருக்கட்டும் என்று நின்றுகொண்டிருப்பாள். நாயிடம் கடிபட்டவனுக்குக்கூட நம்மூரில் நாலு கை நீளும். அவள் கை நீளாது.

சங்கரன்கோவில் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தாள். புருசன் ஸ்டேசனில் டிக்கெட் கொடுக்கிற கிளார்க்கு. வேதக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். பூ வைக்கமாட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் கிழக்கே எங்கேயோ பெருநோய்க்காரர்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாளாம். ஊசி போடுகிற வேலை இல்லை, மருந்து கொடுக்கிற வேலையும் இல்லை. மடங்கிப்போன விரலை நிமிர்த்துவது, நிமிர்ந்தே நின்றுபோன விரலை மடக்க வைப்பது, அதற்கென்று ஒரு படிப்பாம். அப்படி ஒரு படிப்பு உண்டு என்பதே எங்கள் தெருவுக்கு அதுவரை தெரியாது. பெருநோய்க்காரனைத் தொட்ட கை என்று முதலில் குவாட்டர்ஸ் குழாயில் அவளுக்கு அடுத்துத் தண்ணீர் பிடிக்கவே பெண்கள் யோசித்தார்கள். பிறகு ஒரு பந்தடிக்கிற பையனுக்குத் தோள்பட்டை கழன்று, கழன்று, அவள் சைக்கிள் டியூபை வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டி இழுக்கச் சொல்லிச் சொல்லியே சரியாக்கினாள். அதிலிருந்து விளையாட்டுப் பையன்கள் எல்லாம் அவள் வீட்டு வராந்தாவில்தான். நர்ஸும் இல்லை, கன்னியாஸ்திரியும் இல்லை, ஆனாலும் எல்லாருக்கும் அவள் சிஸ்டர். அவளுக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். எனக்கு நாற்பது.

என் மூத்தவன் கபடிக்காரன். எழுபத்தொன்பதோ எண்பதோ, அந்த வருசம் மாசியில் ஒரு ஆட்டத்தில் இவன் எதிர்ப் பக்கத்துக்குக் கபடி பாடிப் போனபோது ஒருத்தன் கணுக்காலைப் பிடித்துவிட்டான், இரண்டு பேர் பக்கவாட்டில் வந்து விழுந்தார்கள். முட்டி ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். காய்ந்த மட்டை ஒடிந்த மாதிரி சத்தம் கேட்டது என்று சொன்னார்கள். பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒன்றுமில்லை, முட்டிக்குள் ஜவ்வு பிய்ந்திருக்கிறது என்று தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

எங்களுக்கு அந்தக் கால் வெறும் கால் இல்லை. ராஜபாளையம் பக்கத்து மில் ஒன்றில் கபடி டீம் வைத்திருந்தார்கள். நன்றாக விளையாடுகிற பையனுக்கு மில்லில் நிரந்தர வேலை. அவனை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார்கள், புரட்டாசியில் ஆளெடுப்பு, வந்து ஆடிக்காட்டு என்று சொல்லியிருந்தார்கள். மூத்தவன் மில்லுக்குள் போய்விட்டால் பின்னால் வருகிற ஆறு பேருக்கும் ஒரு பிடிமானம். அவன் அப்பா பூ மார்க்கெட்டில் சொல்லாத ஆள் இல்லை, என் மகன் மில்லுக்குப் போகப் போகிறான் என்று.

கட்டோடு அவன் கிடந்த ஆறு வாரமும் நான் கடைக்குப் போகவில்லை. அவன் கால் தரையில் பட விடவில்லை. தூக்கி உட்காரவைப்பேன், தலை சீவிவிடுவேன், ஆட்டுக்கால் சூப்பை ஊதி ஊதிக் கொடுப்பேன். இருபது வயதுப் பிள்ளை. பத்து வயதிலிருந்தே தெருவில் திரிகிறவன், வீட்டில் ஒரு வாய் நிதானமாகத் தின்றது கிடையாது. அவன் திரும்பி என் மடிக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. உள்ளதைச் சொல்லுகிறேன், அந்த ஆறு வாரம் நான் சந்தோசமாக இருந்தேன்.

மாவுக்கட்டை வெட்டினபோது உள்ளே இருந்தது என் பிள்ளை கால் இல்லை. முருங்கைக்காய். தொடையில் சதையே இல்லை. முட்டி மடங்கவும் மாட்டேன் என்கிறது, முழுக்க நீளவும் மாட்டேன் என்கிறது. நான் நொச்சியிலை ஒத்தடம் கொடுத்தேன், கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பற்றுப் போட்டேன். பதினைந்து நாள் ஆயிற்று. அவன் டீம் பையன்கள்தான் சைக்கிளில் உட்கார வைத்து குவாட்டர்ஸுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் பின்னால் போனேன்.

அவள் முட்டியில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். இத்தனை நாளும் இவனைத் தூக்கி உட்கார வைத்தது யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன். எனக்குப் பெருமை. அவள் அவனைப் பார்த்து, நாளையிலிருந்து உங்க அம்மாவைத் தூக்க விடாதே என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்றைக்கே வராந்தாவில் ஊன்றியிருந்த கம்பு வழுக்கி விழுந்துவிட்டான். நான் ஓடினேன்.

"அக்கா, நில்லுங்க," என்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஏலே தம்பி, ரெண்டு கையையும் தரையில ஊனு. நல்ல கால மடக்கு. மேல பாக்காத, ஒன் கையப் பாரு. இனி எந்தி."

ஒரு கூட்ஸ் வண்டி ஸ்டேசனுக்குள் வந்து முழுதும் கடந்து போகிற நேரம் ஆயிற்று. என் பிள்ளை நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தான், சுவரைப் பிடித்தான், வழுக்கினான், மறுபடி பிடித்தான். எழுந்துவிட்டான். முகமெல்லாம் வேர்வை, ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். ஆறு வாரம் தூக்கித் தூக்கி உட்காரவைத்தவள் நான் இங்கே நிற்கிறேன்.

ஆனால் நான் அவளுக்குப் பின்பக்கம் நின்றதால் ஒன்று பார்த்தேன். அவன் எழுந்த பிறகு அவள் கையை எடுத்தபோது, வலது மணிக்கட்டில் நாலு நகம் பதிந்து சிவந்திருந்தது. அவளுக்கும் ஓடிப்போய்த் தூக்க வேண்டும் என்று இருந்திருக்கிறது. பார்த்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. பிள்ளை விழுந்தால் பதறுவது நான் செய்ய வேண்டியது. இவள் யார்?

அவள் வைத்தியத்தில் வைத்தியம் மாதிரி ஒன்றுமே இருக்காது. துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கி அந்தத் துண்டை நசுக்கு என்பாள். அவ்வளவுதான். அது இருபது தடவை. காடாத் துணியில் பை தைத்து ஆற்றுமணல் போட்டு, கணுக்காலில் கட்டித் தூக்கு என்பாள். முதல் வாரம் கால் கிலோ மணல், பிறகு அரை. முட்டி வீங்கினால் ஐஸ் கம்பெனியிலிருந்து ஐஸ்கட்டி வாங்கி வரச் சொல்லித் துண்டில் சுற்றி வைப்பாள். அதற்கு நான் சண்டைக்கே போனேன். வீக்கத்துக்குச் சூடு வைப்பார்களா, ஐஸை வைப்பார்களா, பிள்ளைக்குச் சன்னி வந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். வீங்கியிருக்கும்போது சூடு வைத்தால் ரத்தம் இன்னும் வந்து சேரும் அக்கா, நீங்க நொச்சி ஒத்தடம் கொடுத்த பதினைந்து நாளும் வீக்கம் குறையவில்லையே என்று மெதுவாகக் கேட்டாள். நான் ஒத்தடம் கொடுத்ததை அவளிடம் யார் சொன்னது? அவன்தான் சொல்லியிருக்கிறான். என் கைப்பக்குவம் அவள் வராந்தாவில் சிரிப்பாகியிருக்கிறது.

வாரா வாரம் தையல்காரர் வைத்திருக்கிற இஞ்சு டேப்பால் இரண்டு தொடையையும் அளப்பாள். நல்ல தொடைக்கும் கெட்ட தொடைக்கும் முதலில் மூன்று இஞ்சு வித்தியாசம். அளந்து சுவரில் பென்சிலால் குறிப்பாள். மாசம் ஒரு இஞ்சு கூடவேண்டும், அப்போதுதான் ஆவணியில் ஓட விடுவேன், புரட்டாசிக்கு ஆடலாம் என்றாள். அதற்கு முன்னால் ஓடவும் கூடாது, ஸ்டேசன் பிளாட்பாரத்தை விட்டு வெளியே நீள நடக்கவும் கூடாது. ரயில் இல்லாத நேரத்தில் பிளாட்பாரத்தில்தான் நடக்க விடுவாள். சமதளம், நீளம், கடைசியில் ஒரு சரிவு. அந்தச் சரிவில் ஏறி இறங்குவது தனிப் பாடம்.

வீட்டில் எதற்கெடுத்தாலும் சிஸ்டர் சொன்னாங்க. தண்ணீர் எடுத்துக் கொடுத்தால், நீ இரும்மா, நானே எடுப்பேன், சிஸ்டர் சொன்னாங்க. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், ஒன்ன சிஸ்டரா பெத்தா என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவளிடமே ஒரு நாள் கேட்டுவிட்டேன், நீ பெத்திருந்தால்தானே தெரியும், பிள்ளை விழும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க உனக்கு எப்படி மனசு வருது என்று. வராந்தாவில் நாலைந்து பையன்கள் இருந்தார்கள். ஆமாக்கா என்றாள். டேப்பை எடுத்து அடுத்த பையன் தொடையை அளக்கப் போய்விட்டாள்.

என்னால் தாங்க முடியாமல் போனது ஒரு வெள்ளிக்கிழமை. கடையில் உட்கார்ந்து பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருக்கிறேன். வாடிக்கைக்காரி ஒருத்தி வந்து, "என்ன மதினி, மகன் கம்பு இல்லாம நடக்கானாமே, பிளாட்பாரத்துல ஒரே கைதட்டாம், ஒரு வார்த்த சொல்லலியே," என்றாள். எனக்குத் தெரியாது. நான் தெரிந்த மாதிரி, ஆமா, நேற்றிலிருந்து நடக்கிறான் என்றேன். அவனுக்கு ஒன்பதாம் மாசத்தில் நடை வந்தபோது முதல் அடியை என்னைப் பார்த்துத்தான் வைத்தான். இரண்டாம் தடவை அவன் நடந்ததை எனக்குப் பூ வாங்க வந்தவள் சொல்லுகிறாள்.

அது ஆனி கடைசி. ஆடி பிறந்து, தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியது. எங்கள் கோமதி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் இருக்கிற மாசம். கொடியேறினதும் சனம் கோவில் பிரகாரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிடும். ஆடிச்சுற்று என்போம். ஐம்பத்தொன்று, நூற்றியெட்டு, சிலபேர் ஐநூறுகூட. ஒற்றைக் காலில் நிற்கிற அவளுடைய கால் வலியை, சுற்றுகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறோம் என்று நம்பிக்கை. எனக்கு ஒரு எண்ணம் விழுந்தது. என் பிள்ளை அம்மன் கால் வலியை வாங்கினால், அவள் என் பிள்ளை கால் வலியை வாங்கிக்கொள்ள மாட்டாளா? நூற்றியெட்டுச் சுற்று. மூன்று நாள், ஒரு நாளைக்கு முப்பத்தாறு.

பக்தி மட்டும்தான் என்று எழுதினால் அம்மன் கண்ணைக் குத்துவாள். பிள்ளை குணமானால் அது அந்த ஸ்டேசன்காரியால் என்று ஊர் சொல்லக்கூடாது. கோமதியால், நான் நேர்ந்துகொண்டதால் என்று சொல்லவேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவன் உடனே, சிஸ்டர்ட்ட கேக்கணும்லாம்மா என்றான்.

"கேட்டுட்டேம்லா," என்றேன். "நேத்தே போய்க் கேட்டேன். சாமி காரியம், மெதுவாச் சுத்தட்டும்னு சொல்லிட்டா. மூணு நாளு பிளாட்பாரத்துக்கு வரவேண்டாம், இதுவே போதும்னுட்டா."

வாய் கூசாமல் சொன்னேன். அவன் நம்பினான். அம்மா சொன்னால் பிள்ளை நம்பாமல் என்ன செய்யும்?

அந்த மூன்று நாளும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். கூட்டம் நெரியும், அவன் என் தோளைப் பிடித்துக்கொள்வான். தெரிந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அம்மா மகன்னா இப்படியில்லா இருக்கணும் என்று ஒரு கிழவி சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. மூன்றாம் நாள் தொண்ணூறு தாண்டின பிறகு அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தான். வெயிலில் கல் சுட்டது. என்ன மக்கா, வலிக்கா என்றேன். இல்லம்மா என்றான். இன்னும் பதினைந்துதான் என்று நான் இழுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் காலையில் முட்டி இளநீர் மாதிரி வீங்கிக் கிடந்தது. கட்டிலிலிருந்து காலை இறக்க முடியவில்லை.

அவன் அப்பா ரிக்சா பிடித்துக் கூட்டிப் போனார். நானும் ஏறிக்கொண்டேன். ஏறாமல் இருந்திருக்கலாம். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், இருந்தும் வீட்டில் இருந்துகொண்டு அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

வராந்தா பெஞ்சில் அவனைப் படுக்கவைத்தார்கள். அவள் புறங்கையை வைத்தாள், உடனே எடுத்துவிட்டாள். பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். எவ்வளவு தூரம் நடந்தாய் என்று கேட்டாள்.

"நூத்தியெட்டுச் சுத்து, சிஸ்டர்," என்றான் என் பிள்ளை. "நீங்க சுத்தலாம்னு சொன்னீயள்லா. அம்மா வந்து கேட்டாள்லா."

அவன் அப்பாவுக்கு அது அப்போதுதான் தெரியும். நீங்களா சொன்னீங்க என்று அவளிடம் திரும்பினார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தூணோடு தூணாக நின்றேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் பிள்ளை முன்னால், என் வீட்டுக்காரர் முன்னால், வராந்தா முழுக்க நின்ற பையன்கள் முன்னால் நான் செத்தேன். நான் அவள் இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தை இல்லை, ஒன்பது வார்த்தை சொல்லியிருப்பேன்.

அவள் கைகள் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

"ஆமா அண்ணாச்சி. நாந்தான் சொன்னேன். என் கணக்குத் தப்பாப் போச்சு."

அவர் கோபக்காரர் இல்லை, ஆனால் அன்றைக்குப் பேசினார். படித்தவள் என்று நம்பிப் பிள்ளையை விட்டோமே, பெருநோய்க்காரன் விரலும் விளையாடுகிறவன் காலும் ஒன்றா, புரட்டாசிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, என் குடும்பத்தையே படுக்க வைத்துவிட்டீரே என்றெல்லாம் பேசினார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில் ஐஸ்கட்டி வாங்கிட்டு வாங்க என்று ஒரு பையனிடம் சொன்னாள், அவ்வளவுதான். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

புரட்டாசி வந்தது, போனது. என் பிள்ளை கம்போடு வீட்டில் இருந்தான். ஸ்டேசன்காரி கணக்குத் தப்பிவிட்டாள், ஒரு பையன் வேலையைக் கெடுத்துவிட்டாள் என்று ஊர் பேசியது. பூக்கடைக்கே வந்து என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். வராந்தாவுக்கு வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து கணுக்காலுக்கு வந்துகொண்டிருந்த ஒரு பையனை அவன் வீட்டில் வரவிடாமல் நிறுத்தினார்கள். அவனுக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தபசுக்கு வருவான். விந்தி விந்தித்தான் நடக்கிறான். அவனைப் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

என் பிள்ளையும் நிறுத்திவிடுவான் என்றுதான் எதிர்பார்த்தேன். உள்ளுக்குள் அது ஒன்றாவது மிஞ்சும் என்று இருந்தது. வீக்கம் வற்றி நாலாம் நாள் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவன் அப்பா, இன்னுமா அந்தப் பொம்பளைட்ட போற என்றார்.

"தப்பத் தப்புன்னு சொல்லுத ஆளு யாருப்பா இருக்கா?" என்றான். "அந்த பெரிய ஆஸ்பத்திரியில ஒரு கேள்வி கேட்டா விரட்டுதான். இவங்க அத்தன பேரு முன்னால என் தப்புன்னு சொன்னாங்கள்லா. இவங்கள நம்பித்தான் கால குடுக்க முடியும்."

பிள்ளையை என் பக்கம் இழுக்க நான் ஒரு பொய் சொன்னேன். அது அவனை முழுக்க அவள் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் தனியாக அவள் வீட்டுக்குப் போனேன். நாலு முழம் மல்லி கொண்டு போனேன். பூ வைக்கமாட்டாள் என்று தெரியும், தெரிந்துதான் கொண்டுபோனேன். வெறுங்கையோடு போகவும் மனசில்லை, அவளுக்கு உதவுகிற பொருளைக் கொண்டுபோகவும் மனசில்லை. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காருங்க அக்கா என்றாள். நான் உட்காரவில்லை. ஏன் அப்படிச் சொன்னே என்று கேட்டேன். உன்னை விட நான் நல்லவள் என்று காட்டத்தானே என்றுகூடக் கேட்டேன்.

அவள் புடைப்பதை நிறுத்தவில்லை. யோசித்துப் பதில் சொன்ன மாதிரியும் இல்லை.

"நீங்கதான்னு சொன்னா அவன் ஒங்ககிட்ட கோவிச்சுக்கிடுவான். ஒங்க கையால சோறு திங்கமாட்டான். இந்த வயசுப் பையம்மாரு அப்படித்தான், நாலு நாளு கடையில டீயக் குடிச்சிட்டுத் திரிவான். சோறு திங்காட்டா தொடை எப்படிக்கா கூடும்? எனக்கு மாசம் ஒரு இஞ்சு வேணும்." முறத்தைத் தட்டிவிட்டு, "முட்டை தினம் ரெண்டு குடுங்க. நீங்க குடுத்தா மறுக்கமாட்டான்," என்றாள்.

இதுதான். என்னைக் காப்பாற்ற வேண்டும் என்றில்லை. என்னைப் பெரிதாக மன்னித்துவிட்டதாகவும் இல்லை. அவளுக்குத் தொடையில் ஒரு இஞ்சு வேண்டும், அதற்கு என் சோறு வேண்டும், அவள் பெயர் போனால் போகட்டும். மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன், இல்லை என்றால் சண்டை போட்டிருப்பேன். அவள் எனக்கு ஒரு வேலையைக் கொடுத்து அனுப்பினாள். தினம் இரண்டு முட்டை.

கொடுத்தேன். ஒரு நாள் விடாமல் கொடுத்தேன். வாரா வாரம் அவன் வந்து, கால் இஞ்சு கூடியிருக்கு, கூடவில்லை என்று சொல்லுவான். கூடாத வாரம் எனக்கு அவள் முகத்தில் முழிக்க வெட்கமாக இருக்கும். நான் அவளுக்கு வேலை பார்க்கிறேனா, என் பிள்ளைக்குப் பார்க்கிறேனா என்றே தெரியாது. தையில் இரண்டு தொடையும் ஒன்றாகிவிட்டது. பங்குனியில் ஓடினான். அடுத்த புரட்டாசியில் மில்லில் எடுத்தார்கள். ஆர்டர் வந்த அன்றைக்குத் தபால்காரரிடம் வாங்கின காகிதத்தோடு நேரே ஸ்டேசனுக்குப் போய்க் காட்டிவிட்டு, அப்புறம்தான் கடைக்கு வந்து என்னிடம் நீட்டினான். காகிதத்தின் ஓரத்தில் ஈரக்கை பட்ட தடம் இருந்தது. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

அதற்கு மறு வருசம் அவள் புருசனுக்கு மானாமதுரைப் பக்கம் மாற்றல் ஆயிற்று. பையன்கள் எல்லாம் பிளாட்பாரத்தில் நின்று வழியனுப்பினார்கள், என் மகன் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்தான். அன்றைக்கு முகூர்த்த நாள், கடையை விட்டு வரமுடியாது என்று நான் சொல்லிவிட்டேன். முகூர்த்த நாள்தான், அது பொய் இல்லை. அப்புறம் அவளைப் பார்க்கவில்லை. இருக்கிறாளோ, இல்லையோ.

அவன் அப்பா போய்ச் சேர்ந்து பதினாறு வருசம் ஆகிறது. கடைசிவரை அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார். நான் திருத்தவில்லை. மூத்தவன் மில்லில் ரிட்டையர் ஆகி, இப்போது என்னோடுதான் இருக்கிறான். தெருவில் விளையாடுகிற பையன்கள் காலைச் சுளுக்கிக்கொண்டு அவனிடம்தான் வருகிறார்கள். இவனும் ஐஸ் வை, துண்டை நசுக்கு என்கிறான். போன வாரம் ஒரு பையன் அவசரப்பட்டான் போலிருக்கிறது. இவன் அவனிடம், "ஏலே, எனக்குச் சொல்லித் தந்த சிஸ்டர் மாதிரி ஆளு கெடையாது. அவங்களே ஒரு தடவ அவசரப்பட்டுக் கணக்குத் தப்பினாங்க. எனக்கு ஒரு வருசம் போச்சு," என்றான். ஆசையாகத்தான் சொன்னான். நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நாற்பது வருசத்துக்கு மேல் இதை எத்தனையோ தடவை அவன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு என்னால் கீரையை ஆய முடியவில்லை.

அதனால் எழுதினேன். ஆறு நாள் ஆயிற்று. எழுதிவிட்டதால் அவளை எனக்குப் பிடித்துப்போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் என்னைவிடப் பெரியவளாக இருந்தது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. ஆனால் அவள் ஒரு தடவைகூடக் கணக்குத் தப்பவில்லை. அது மட்டும் என் கையெழுத்தில் இருக்கட்டும்.

என் கடைசி மகள் பெற்ற பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள், ஒன்பதாவது படிக்கிறாள். ஏட்டி, அந்த போனக் கீழ வச்சிட்டு இங்கன வந்து உக்காரு. இந்தா நோட்டு. மொதல்ல இருந்து வாசி. மனசுக்குள்ள வாசிக்காத, உன் பெரிய மாமா முன்ரூம்புல பேப்பர் பாத்துக்கிட்டிருக்கான், அவன் காதுல விழுத மாதிரி வாசி. நடுவுல அவன் எந்திச்சு வந்தாலும் நிறுத்தாத.